சட்டம் கொடுத்த நாற்காலி, ஒப்பந்தம் கொடுத்த நாற்காலி

தனியார் ஆலையில் இருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தன் நிலை தெளிவாகத் தெரியும். ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் அரசு ஆய்வாளர், நடுவில் அவர். அரசுத் துறைகளுக்காக வேலை செய்பவருக்கு இந்தத் தெளிவு கிடைப்பதில்லை. சட்டத்தை இயற்றியதும் டெண்டர் விட்டதும் அரசு. பில்லுக்குப் பணம் தருவதும், விபத்து நடந்தால் விசாரிக்க வருவதும், இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் அறிவிப்பதும் அதே அரசுதான். "இந்தச் சாரம் நிற்காது, வேலையை நிறுத்துங்கள்" என்று அவர் சொன்னால், "திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டதே" என்ற பதில்தான் வரும். இது சென்னையிலும் நடக்கும், கிளிநொச்சியிலும் நடக்கும். ஆனால் அந்த இடத்தில் அவர் எதைக் காட்டிப் பேசலாம் என்பதில் இரு நாடுகளும் வெவ்வேறு வழியில் போயிருக்கின்றன. இந்தியாவில் அவர் சட்டப் புத்தகத்தை எடுப்பார். இலங்கையில் ஒப்பந்த ஆவணத்தை எடுப்பார்.

சட்டங்களின் மூலம் ஒன்றுதான். 1937ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டவை இரண்டும். இலங்கையில் 1942இன் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். அதன் பிறகு பாதை பிரிந்தது. இந்தியா தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டே போனது. 1984 போபாலுக்குப் பிறகு, 1987இல், அபாயகரமான தொழில்களுக்கென ஒரு தனி அத்தியாயமே சேர்ந்தது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கு 1996இல் தனிச் சட்டம் வந்தது. இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டங்கள் பலவற்றைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. இலங்கையிலோ அந்தப் பழைய கட்டளைச் சட்டமே இன்றும் முதுகெலும்பு. எல்லா வேலைத்தலங்களையும் உள்ளடக்கும் புதிய சட்டம் பல்லாண்டுகளாக வரைவாகவே பேசப்பட்டு வருகிறது.

இந்தியச் சட்டம் தலைகளை எண்ணும் சட்டம். தொழிற்சாலையில் ஆயிரம் பேர் இருந்தால் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது பழைய சட்டத்தின் 40பி பிரிவு. கட்டுமானத் தளத்தில் ஐந்நூறு பேர் என்றன 1998ஆம் ஆண்டின் மத்திய விதிகள். புதிய தொகுப்பு இந்த எண்களைக் குறைத்திருக்கிறது: தொழிற்சாலைக்கு 500, அபாயத் தொழிலுக்கும் கட்டுமானத்துக்கும் 250, சுரங்கத்துக்கு 100. அலுவலரின் தகுதியும் அந்தஸ்தும்கூட விதியிலேயே உண்டு. அவர் நிறுவனத் தலைவருக்கு நேரடியாகக் கீழே பணியாற்ற வேண்டும். பாதுகாப்புக்குப் பொருந்தாத வேறு வேலை எதையும் அவர் தலையில் கட்டக் கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தளத்துக்குப் போய்ப் பார்த்தால் கேட் பாஸ், குடிதண்ணீர் லாரி, தொழிலாளர் குடியிருப்பின் கொசு மருந்து என எல்லாம் அவர் மேசையில்தான் கிடக்கும். ஆனாலும் அவர் அங்கே இருக்கிறார். அவரை நியமிக்காத ஒப்பந்ததாரருக்கு நோட்டீஸ் அனுப்ப, தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. இது சின்ன விஷயமல்ல.

தலையெண்ணிக்கையில் இருக்கும் ஓட்டை எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு வேலையை நான்கு துணை ஒப்பந்தங்களாக உடைத்தால் எந்தப் பட்டியலிலும் எண் எட்டாது. பதினைந்து பேர் செய்யும் பாதாளச் சாக்கடை வேலைக்கும், எட்டுப் பேர் ஏறும் தண்ணீர்த் தொட்டி வேலைக்கும் எண் ஒருபோதும் எட்டப்போவதில்லை. அரசு கொடுக்கும் வேலைகளில் எண்ணிக்கையில் அதிகம் இத்தகைய சிறு வேலைகள்தான்.

இலங்கையின் கட்டளைச் சட்டத்தில் இத்தனை தொழிலாளருக்கு ஒரு பாதுகாப்பு உத்தியோகத்தர் என்று கணக்குச் சொல்லும் ஏற்பாடு இல்லை. அங்கே அவர் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறார். வீதி அபிவிருத்தி அதிகார சபையோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையோ ஒரு பெரிய வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது, ஒப்பந்த நிபந்தனைகள் பெரும்பாலும் சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் கூட்டமைப்பான ஃபிடிக்கின் மாதிரியைத் தழுவியிருக்கும். அதன் 1999ஆம் ஆண்டுச் சிவப்புப் புத்தகத்தில் 6.7ஆம் வாசகம் ஒன்று உண்டு. தளத்தில் விபத்துத் தடுப்பு உத்தியோகத்தர் ஒருவரை ஒப்பந்தகாரர் நியமிக்க வேண்டும். அவர் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். உத்தரவு இடவும் தடுப்பு நடவடிக்கை எடுக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். தலையெண்ணிக்கை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பத்துப் பேர் வேலை செய்தாலும் அவர் வேண்டும்.

இந்த இடத்தில் இலங்கை முறை மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆய்வாளர் எப்போதாவது வருவார். ஒப்பந்தத்தை நிருவகிக்கும் பொறியியலாளரோ தினமும் தளத்தில் நிற்பவர். மாதாந்தக் கொடுப்பனவுச் சான்றிதழில் கையெழுத்திடுபவர். "சாரத்துக்குக் கைப்பிடி போடாமல் அந்தத் தளத்தின் கொங்கிறீற்றை அளக்க மாட்டேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் காலை கைப்பிடி இருக்கும். எந்த அபராத நோட்டீசும் இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒப்பந்தம் கொடுக்கும் நாற்காலி ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல், எந்த ஒப்பந்தத்தில் அந்த வாசகம் உயிரோடு இருக்கிறது என்பதை அநேகமாகக் கடன் தருபவரே தீர்மானிக்கிறார். ஜப்பானின் ஜைக்கா கடனில் கட்டி 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலமும், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் வளர்ந்த யாழ்ப்பாணம் – கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டமும் ஒரு உலகம். பிரதேச சபையின் சொந்த நிதியில் போடும் வடிகால் இன்னொரு உலகம். முதலாவதில் பாதுகாப்புத் திட்டம், வாராந்தக் கூட்டம், விபத்துப் பதிவேடு எல்லாம் உண்டு. இரண்டாவதில் தலைக்கவசம்கூடப் படம் எடுக்கும் நாளில் மட்டும் வரும்.

கடன் தருபவர் வந்துவிட்டால் இரு நாடுகளும் ஒரே முகம் கொண்டுவிடுகின்றன. சென்னை மெட்ரோவின் 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்துக்கு ஜைக்காவும் ஆசிய அபிவிருத்தி வங்கியும் கடன் தருகின்றன. அங்கும் பாதுகாப்பு நிபந்தனைகள் தனித் தொகுதியாகவே வரும். அப்படியும் 2025 ஜூனில் ராமாபுரம் – மணப்பாக்கம் பகுதியில் கர்டர்கள் சரிந்து, சாலையில் போன இருசக்கர வாகன ஓட்டி ஒருவர் இறந்தார். ஒப்பந்த நிறுவனத்துக்கு மெட்ரோ நிர்வாகம் விதித்தது ஒரு கோடி ரூபாய் அபராதம். அதை விதித்தது நீதிமன்றமோ ஆய்வாளரோ அல்ல, வேலை கொடுத்தவர். சட்ட நாடான இந்தியாவிலும் உடனடியாகப் பாய்ந்த ஆயுதம் ஒப்பந்தம்தான்.

நாற்காலி எங்கிருந்து வந்தாலும் அதற்குப் பணம் வேண்டும். அது விலைப்பட்டியலில் எந்த வரியில் இருக்கிறது என்பதே இத்தொழிலின் உண்மையான அரசியல். இந்திய மாநிலப் பொதுப்பணி ஒப்பந்தங்களில் பழகிய சொற்றொடர், பாதுகாப்புச் செலவு "விகிதங்களில் அடங்கியதாகக் கருதப்படும்" என்பது. ஒரு கனமீட்டர் மண் தோண்டும் விலைக்குள் பள்ளத்தின் பக்கச் சுவரைத் தாங்கும் பலகையும் இருக்கிறது என்று அர்த்தம். எல்1 ஆக, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவராக, வர வேண்டும் என்று அரை சதவீதத்துக்கு அடித்துப் பிடிக்கும் ஒப்பந்ததாரர் அந்தப் பலகையை எங்கே கருதப்போகிறார்? இலங்கையில் ஆரம்பச் செலவுகளுக்கென ஒரு தனிப் பட்டியல் இருக்கும். கணிய அளவையாளர்கள் 'பிரிலிமினரிஸ்' என்பார்கள். அதில் பாதுகாப்புக்கு ஒரு வரி வழக்கமாக உண்டு. ஆனால் மொத்தத் தொகையாக. ஒப்பந்தகாரர் அதில் சிறு தொகையொன்றைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். கேள்விப்பத்திரத்தை மதிப்பிடும் தொழில்நுட்பக் குழுவும் மொத்தத்தைத்தான் பார்க்கும்.

இந்தியாவில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நல வரியாகப் போகிறது. அரசு வேலை என்றால் பில்லிலேயே பிடித்தம் செய்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பணம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்குச் செல்கிறது. பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம், விபத்து மரணத்துக்கான உதவி ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. தொழிலாளிக்கு அது பெரிய ஆதரவு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விழுந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்க ஒரு சதவீதத்தைக் கறாராகப் பிடிக்கத் தெரிந்த அரசு, விழாமல் இருக்க ஒரு வலைக்கு விலைப்பட்டியலில் தனி வரி போட ஏன் தயங்குகிறது?

தகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் ஓராண்டுப் பட்டயத்துக்கு மதிப்பு அதிகம். இலங்கையில் 2009இன் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவகம் பயிற்சி தருகிறது. அரசு நிறுவனமாக இருந்துகொண்டே கட்டணம் வாங்கி வேலைத்தலங்களை அளந்தும் கொடுக்கிறது. இரு கரையிலும் இளைஞர்கள் காசு கட்டிப் படிப்பது நெபோஷ் என்ற பிரித்தானியச் சான்றிதழ். வளைகுடாவுக்கு அதுதான் கடவுச்சீட்டு. திருச்சியிலும் கொழும்பிலும் பயிற்சி பெற்ற கூர்மையான ஆட்கள் தோஹாவிலும் துபாயிலும் சாரம் பார்க்கப் போய்விடுகிறார்கள். உள்ளூர் அரசுத் தளங்களுக்கு மிச்சம்தான்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வட்டாரத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழி பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்திய மாதிரி விதிகளில் உள்ள நல்ல நிபந்தனை. எழுதிய காலத்தில் தமிழ்நாட்டில் அதற்குத் தமிழ் என்று பொருள். இன்று சென்னையின் பெரிய தளங்களில் கம்பி கட்டுபவர் பீகார்க்காரர், சாரம் போடுபவர் வங்காளி, வெல்டர் ஒடியாக்காரர். தமிழ் தெரிந்த அலுவலர், பாதி இந்தியில் காலை நேரத்து டூல்பாக்ஸ் கூட்டம் நடத்துகிறார். நிபந்தனை காகிதத்தில் நிறைவேறுகிறது, காதில் நிறைவேறுவதில்லை. இலங்கையின் வடக்கு, கிழக்கில் கதை தலைகீழ். ஒப்பந்தகாரர் தெற்கிலிருந்து வருவார், மேற்பார்வையாளர் சிங்களத்தில் பேசுவார், கூலிக்கு வருபவர் உள்ளூர்த் தமிழர். சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள்தான். ஆனால் எச்சரிக்கைப் பலகை மூன்று மொழியில் தொங்கும் அதே தளத்தில், ஆழ்குழிக்குள் இறங்குவதற்கான அனுமதிப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். இறங்குபவர் வாசிக்காத படிவத்தில் அவர் பெயர் எழுதியிருக்கும். சென்னையிலும் அந்தப் படிவம் ஆங்கிலம்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

இனிக் குழிக்கு வருவோம். இந்த ஒப்பீட்டில் உயிர் போகும் இடம் அதுவே.

பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்ஃபைட். மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மூக்கு மரத்து, நாற்றம் மறைந்துவிடும். எழுநூறைத் தாண்டினால் ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டுவிடுவார். ஆகவே "இப்போது வாடை இல்லை, இறங்கலாம்" என்பது சில சமயம் மரண அறிவிப்பு. கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஆக்சிஜன் குறைவைக் காட்டும்; இந்த வாயுவைக் காட்டாது; மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும். முதல் ஆள் விழுந்ததும் தம்பியோ மைத்துனனோ மேலிருந்து குதிப்பார். மூடிய இட மரணங்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் 1986இலேயே எழுதியது. நம் ஊர்ச் செய்திகளைப் படிப்பவருக்கு அந்த எண்ணில் வியப்பு இருக்காது.

இந்தியா இதற்குத் தனிச் சட்டம் வைத்திருக்கிறது. 2013இல் வந்த அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்போ அதன் முகவரோ யாரையும் ஆபத்தான முறையில் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்கிறது. ஆனாலும் மரணங்கள் நிற்கவில்லை. அரசு அலுவலகங்களின் பேச்சை மாற்றியது வேறொன்று. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு சாக்கடை மரணத்துக்கும் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. அதற்குப் பிறகு மாநகராட்சிப் பொறியாளரிடம் கேஸ் டிடெக்டரைப் பற்றிப் பேசினால் அவர் காது கொடுத்துக் கேட்கிறார். அறம் சொல்லிக் கேட்காதவர் தொகை சொன்னதும் கேட்கிறார் என்று வருத்தப்படலாம். நான் வருத்தப்படுவதில்லை. பாதுகாப்பு ஆலோசகருக்கு அந்த முப்பது லட்சம் ஒரு வாதம். மூன்று லட்ச ரூபாய்க் கருவிக்கான கோரிக்கைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதத்தக்க வாதம்.

இலங்கையில் இதற்கு நிகரான தனிச் சட்டமும் இல்லை, இப்படியொரு தீர்ப்பும் இல்லை. 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் உச்ச வரம்பு நெடுநாள் 5,50,000 ரூபாயாக இருந்து, 2022 திருத்தத்தில் 20 லட்சம் இலங்கை ரூபாயாக உயர்ந்தது. இன்றைய மாற்று விகிதத்தில் அது ஆறு லட்ச இந்திய ரூபாய்க்கு உட்பட்டது. கொழும்புக்கு வெளியே பெரும்பாலும் மலக்குழிகள்தான். உள்ளூராட்சி மன்றத்தின் பவுசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். இயந்திரம் இருப்பதால் ஆள் இறங்கும் தேவை குறைவு. அடியில் இறுகிய கசடு குழாய்க்கு அசையாதபோது, பம்பு பழுதாகும்போது, யாரோ ஒருவர் இறங்கத்தான் நேர்கிறது. அந்த யாரோ யார் என்பதில் இரு நாடுகளுக்கும் இரத்த உறவே உண்டு. கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு நகரங்களின் துப்புரவுக்கென ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட அருந்ததியர் போன்ற சமூகங்களின் வழிவந்தவர்களே அந்த மாநகர சபைகளின் துப்புரவுத் தொழிலாளர்களில் பலர். கண்டியில் மஹய்யாவைக் குடியிருப்பு அந்த வரலாற்றின் சாட்சி. கடல் தாண்டியும் குழி அவர்களை விடவில்லை.

இலங்கைக்கு ஒரு பலம் உண்டு, இந்தியாவில் நான் தேடியும் கிடைக்காத பலம்: பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் ஊர் ஊராகப் போகும் இவருக்குச் சிறிய வேலைத்தலங்களைப் பார்ப்பதும் கடமையில் அடங்கும். தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளர் எட்டிப் பார்க்க வாய்ப்பில்லாத அரிசி ஆலைக்கும் பேக்கரிக்கும் இவர் போயிருப்பார். உரிமையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பிரதேச சபை வேலை ஒன்றுக்குப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய ஆள் இவர் என்பேன். தமிழ்நாட்டில் சுகாதாரமும் தொழிலகப் பாதுகாப்பும் தனித்தனிக் கட்டடங்களில் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையின் வடக்கே முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஹலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளில், பெண்கள் பலரும் சேர்ந்து செய்யும் அந்த வேலையில், மருத்துவ உதவியாளரும் அம்புலன்ஸும் தயாராக இல்லாமல் ஒருவரும் கோட்டைத் தாண்டி உள்ளே போவதில்லை. முகக்கவசத்தைத் தூக்கினால் மேற்பார்வையாளர் நிறுத்திவிடுவார். அங்கும் மேற்பார்வை அரசின் தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம்தான், கூலி வாங்குபவர் அதே மாவட்டத்து மக்கள்தான். ஆபத்தை எல்லோரும் ஆபத்து என்று ஒப்புக்கொண்ட வேலையில் இந்த ஒழுங்கு தானே வந்துவிடுகிறது. மலக்குழியை யாரும் அப்படி ஒப்புக்கொண்டதில்லை.

கடைசியாகக் கருவி. நான்கு வாயு காட்டும் டிடெக்டரை வாங்குவது இன்று இரு நாட்டிலும் கடினமல்ல. தமிழ்நாட்டு நகராட்சியில் மூலதனச் செலவில் வாங்கலாம்; இலங்கையில் நன்கொடைத் திட்டம் ஒன்று வாங்கித் தரும். வாங்கிய அன்று ரிப்பன், புகைப்படம் எல்லாம் உண்டு. ஆனால் அதற்குள் இருக்கும் ஆக்சிஜன் உணரியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை காலிபிரேஷன் வேண்டும், அதற்கான வாயு உருளைக்கும் காலாவதித் தேதி உண்டு. ஒவ்வொரு நாளும் இறங்குமுன், சோதனை வாயுவைக் காட்டிக் கருவி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பம்ப் டெஸ்ட் (bump test) செய்ய வேண்டும். இவை வருவாய்ச் செலவு; இலங்கைக் கணக்கில் மீண்டெழும் செலவினம். அந்தத் தலைப்பில் யாரும் பணம் ஒதுக்குவதில்லை. மூன்றாம் ஆண்டில் அலமாரியைத் திறந்தால், பெட்டி திறக்காத பளபளப்புடன் செத்த கருவி இருக்கும். அதைவிட மோசம், எண் காட்டும் ஆனால் தவறாகக் காட்டும் கருவி.

அதனால் இப்போது அரசு வாடிக்கையாளர்களிடம் கருவியை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். விலைப்பட்டியலில் ஒரு தனி வரி: டிடெக்டர், முக்காலி, வின்ச், காலிபிரேஷன் சேர்த்து மாதத்துக்கு இவ்வளவு, தினசரி பம்ப் டெஸ்ட் பதிவேட்டைக் காட்டினால் மட்டும் பணம். வேலை எட்டுப் பேருக்கா எண்ணூறு பேருக்கா என்ற கேள்வியே இதில் எழாது. கடன் தருபவரும் தேவையில்லை. பொறியாளர்கள் இதற்குச் சீக்கிரம் ஒத்துக்கொள்கிறார்கள். சென்னையில் தணிக்கைப் பிரிவும் யாழ்ப்பாணத்தில் கணக்காய்வுப் பிரிவும்தான் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: அந்த மாதம் யாரும் குழிக்குள் இறங்கவே இல்லையே, பிறகு எதற்கு வாடகை? யாரும் இறங்காமல் வேலை முடிந்ததற்குத்தான் அந்த வாடகை என்று கோப்பில் எழுதி, அதன் கீழே பதிவேட்டின் நகலை இணைத்து அனுப்புகிறோம். சில கோப்புகள் திரும்பி வருகின்றன.